காசு கொடுத்த கேம் கையில நிக்கணும்: டிஆர்எம் இல்லாம வாங்குற முறை

#1 மின்மினி

வணக்கம். என்கிட்ட இருக்கிறது விண்டோஸ் 11 பிசி, 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். இனிமே வாங்குற கேம் எதுவா இருந்தாலும் கடை மூடினாலும், அக்கவுண்ட் போனாலும், நெட் இல்லாட்டியும் ஓடணும். டிஆர்எம் (காசு கொடுத்தவர்தானான்னு சரிபார்க்கிற டிஜிட்டல் பூட்டு) இல்லாம விக்கிற ஜிஓஜி ஆன்லைன் கடையில வாங்கினாப் போதும்னு பல பேர் சொல்றாங்க. வாங்கினதோட வேலை முடிஞ்சுதா? ஏற்கெனவே ஸ்டீம்ல இருக்கிற கேம்கள்ல எதையாவது இதே மாதிரி காப்பாத்த முடியுமா? படிப்படியா தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 பழங்கணினி

வாங்கினதோட முடியலைங்க. பணம் கட்டினதும் கிடைக்கிறது உங்க லைப்ரரியில ஒரு வரி, அவ்வளவுதான். இன்ஸ்டாலர் உங்க டிஸ்குக்கு வந்து, நெட் இல்லாம ஒரு தடவை ஓடிக் காட்டின பிறகுதான் அந்த கேம் உங்களோடது. நிறைய பேர் ஜிஓஜியில நூறு கேம் வாங்கி வெச்சிட்டு ஒண்ணைக்கூட இறக்காம இருக்காங்க. அவங்க நிலைமைக்கும் ஸ்டீம்ல வாங்கினவங்க நிலைமைக்கும் நடைமுறையில பெரிய வித்தியாசம் இல்லை.

கலிஃபோர்னியாவோட ஏபி 2426 சட்டமும் எல்லைக்கோட்டை இதே இடத்துலதான் போடுது. 2025 ஜனவரி 1 முதல் அமல்ல இருக்கு. வெறும் லைசென்ஸை வித்துட்டு அதை வெளிப்படையா சொல்லாம, "வாங்குங்க"ன்னு எழுதக்கூடாதுங்குது. வெளி டிஸ்குக்கு நிரந்தரமா இறக்கி, நெட் இல்லாம பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு விலக்கு உண்டு. ஸ்டீமோட வாங்குற கூடைப் பக்கத்துல "இது லைசென்ஸ்"ங்கிற அறிவிப்பு 2024 அக்டோபர்ல வந்தது இந்தச் சட்டம் கையெழுத்தான கொஞ்ச நாள்லதான்.

இனி செய்முறை.

ஜிஓஜி தளத்துல லாகின் பண்ணி, லைப்ரரியில கேமைத் திறங்க. இயங்குதளமும் மொழியும் தேர்ந்தெடுக்கிற இடம் இருக்கும். அதுக்குக் கீழே ரெண்டு விதமா டவுன்லோடு இருக்கும்: ஒண்ணு ஜிஓஜியோட கேலக்ஸி லாஞ்சர் ஆப் வழியா இன்ஸ்டால் பண்றது, இன்னொண்ணு ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர். உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது. சின்ன கேம்னா ஒரே ஒரு செட்டப் ஃபைல். பெரிய கேம்னா சின்னதா ஒரு செட்டப் ஃபைலும், கூடவே 1, 2, 3ன்னு எண் போட்ட பின் (.bin) ஃபைல்களும் வரும். பின் ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 4 ஜிபி. சைபர்பங்க் 2077 மாதிரி கேமுக்கு நூறு ஜிபிக்கு மேல ஆகும், அதனால பின் ஃபைல் இருபதைத் தாண்டும். அத்தனையும் ஒரே ஃபோல்டர்ல இருக்கணும், பேரை மாத்தக்கூடாது.

ஃபைல் பேரோட கடைசியில அடைப்புக்குறிக்குள்ள ஒரு எண் இருக்கும், அது பில்டு எண், எந்தப் பதிப்புன்னு சொல்றது. செட்டப்பும் எல்லா பின்னும் ஒரே எண்ணா இருக்கான்னு பாருங்க. ரொம்ப பேர் சறுக்குறது இங்கதான். பாதி இறக்கி வெச்சிட்டு நாலு நாள் கழிச்சு மீதியை இறக்குறப்ப நடுவுல அப்டேட் வந்திருக்கும். பழைய செட்டப், புது பின்னுன்னு கலந்து போயிடும். இன்ஸ்டால் எழுபது சதவீதம் ஓடிட்டு "ஃபைல் கெட்டிருக்கு"ன்னு நிக்கும். அப்படி நின்னா மொத்தத்தையும் திரும்ப இறக்கணும்னு இல்லை, எண் மாறின ஃபைல்களை மட்டும் இறக்கினாப் போதும்.

டிஎல்சிக்கு (கேமோட கூடுதல் பகுதி) தனி இன்ஸ்டாலர், அதுவும் அதே பக்கத்துல கீழே இருக்கும். விட்டுறாதீங்க. டிஎல்சி எந்தப் பதிப்புக்காகக் கட்டினதோ மெயின் கேமும் அதே பதிப்பா இருக்கணும், இல்லேன்னா ஏறாது. கூடுதல் மொழி பேக், மேனுவல், இசைத்தொகுப்பு எல்லாம் தனித்தனி லிங்க்.

பிரவுசர்ல பெரிய ஃபைல் அறுந்துபோகுதுன்னா கேலக்ஸியைத் திறந்து, அந்த கேமோட எக்ஸ்ட்ராஸ் பகுதிக்குப் போங்க. அதே ஆஃப்லைன் இன்ஸ்டாலர்கள் அங்கேயும் இருக்கு, விட்ட இடத்துல இருந்து தொடரும். இறக்குறதுக்கு கேலக்ஸியைப் பயன்படுத்துறதுல தப்பில்லை, அதை நம்பியே இருக்கிறதுதான் தப்பு.

#3 ஓரக்கண்

பழங்கணினி சொன்ன செய்முறை சரி. ஆனா "உங்களோடது"ங்கிற சொல்லை நான் ஒத்துக்க மாட்டேன். ஜிஓஜி ஒப்பந்தத்தைப் படிங்க, அதுவும் லைசென்ஸ்தான். மறுவிற்பனை கிடையாது. அடுத்தவருக்குக் காப்பி கொடுக்க முடியாது. வட்டுல வந்த கேமை வித்துட முடிஞ்ச காலத்தோட ஒப்பிட்டா இது பாதி உரிமைதான். ஃபிரான்ஸ்ல நுகர்வோர் அமைப்பு ஒண்ணு, ஸ்டீமை நடத்துற வால்வ் மேல வழக்குப் போட்டு, 2019ல பாரிஸ் நீதிமன்றம் ஸ்டீம் கேமை மறுவிற்பனை செய்யலாம்னு தீர்ப்பு சொல்லுச்சு. 2022ல மேல்முறையீட்டுல அது போச்சு, 2024 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமும் வால்வ் பக்கமே நின்னுடுச்சு. சட்டப்படி டிஜிட்டல் கேம் எதுவும் இன்னும் "சொந்தம்" இல்லை. புதுசா வர்றவங்களுக்கு இதை மறைக்கக் கூடாது.

#4 பழங்கணினி

ஓரக்கண், காகிதத்துல நீங்க சொல்றது முழுக்க சரி. மறுவிற்பனை விஷயத்துல எனக்கும் வருத்தம்தான். ஆனா மின்மினி கேட்டது ஓடுமா ஓடாதாங்கிற கேள்வி. அங்க காகிதத்தைவிட டிஸ்குல என்ன இருக்குங்கிறதுதான் பேசும்.

யூபிசாஃப்டோட தி க்ரூவை எடுத்துக்கோங்க. 2014 டிசம்பர்ல வந்தது. 2024 மார்ச் 31 அன்னைக்கு சர்வரை நிறுத்தினாங்க. தனியா ஓட்டுற கதைப் பகுதிக்கும் சர்வர் இணைப்பு கட்டாயம்ங்கிறதால கேம் முழுசா செத்துப்போச்சு. அடுத்த மாசமே வாங்கினவங்க லைப்ரரியில இருந்து லைசென்ஸையும் எடுத்தாங்க. டிஸ்க் வாங்கினவங்க கையில இருந்ததும் வெறும் பிளாஸ்டிக் ஆயிடுச்சு. காசு கொடுத்தவங்களுக்கு இப்படிச் செய்யறது அநியாயம், வேற சொல் இல்லை. ராஸ் ஸ்காட் தொடங்கின "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கம் இதுல இருந்துதான் கிளம்புச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துல அவங்க மனு 2025 ஜூலையில 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டுச்சு.

இதுக்கு எதிர்ப்பக்கம் வார்கிராஃப்ட் 1, 2. 2024 டிசம்பர்ல ஜிஓஜி விற்பனையில இருந்து எடுத்துட்டாங்க. ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு இன்ஸ்டாலர் அப்படியே இருக்கு. 2014 தொடக்கத்துல பழைய ஃபால்அவுட் கேம்களோட உரிமை கைமாறி விற்பனை நின்னப்பவும் இதே நிலைதான். விற்பனைக்கு இல்லைங்கிறதும் ஓடாதுங்கிறதும் வேற வேற.

ஜிஓஜியே நின்னுபோனா? நிரந்தரமா மூடற நிலை வந்தா குறைஞ்சது 60 நாள் முன்னாடி சொல்ல முயற்சி பண்ணுவோம்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்காங்க. "முயற்சி"தான், உறுதி இல்லை. எல்லாரும் ஒரே நேரத்துல இறக்க வந்தா அந்த 60 நாள்ல சர்வர் எப்படி நகரும்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் வாங்கின அன்னைக்கே இறக்குங்கன்னு சொல்றேன்.

#5 கட்டளைவரி

லினக்ஸ்காரங்களுக்கும், லைப்ரரி பெருசா இருக்கிறவங்களுக்கும்:

எல்ஜிஓஜிடவுன்லோடர். ஒரு தடவை லாகின் பண்ணிட்டா லைப்ரரி முழுக்க ஒரே கட்டளையில இறங்கும். இயங்குதளம், மொழி வடிகட்டலாம். திரும்ப ஓட்டினா மாறினதை மட்டும் இறக்கும்.

இன்னோஎக்ஸ்ட்ராக்ட். ஜிஓஜியோட விண்டோஸ் இன்ஸ்டாலர் இன்னோ செட்டப்ங்கிற கருவியில கட்டினது. அதை ஓட்டாமலே உள்ளே இருக்கிற ஃபைல்களைப் பிரிக்கலாம். டெஸ்ட் ஆப்ஷன் கொடுத்தா பிரிக்காம, எல்லா பின்னும் நல்லா இருக்கான்னு மட்டும் சரிபார்க்கும். புது இன்னோ பதிப்புல கட்டின இன்ஸ்டாலரை இன்னோஎக்ஸ்ட்ராக்ட் 1.9 திறக்காம போகலாம். அப்ப அதோட டெவலப்மெண்ட் பில்டு (இன்னும் சோதனையில இருக்கிற புது பதிப்பு) எடுங்க.

ஜிஓஜியோட லினக்ஸ் இன்ஸ்டாலர் பார்க்க ஷெல் ஸ்கிரிப்ட். முன்னாடி கொஞ்சம் ஸ்கிரிப்ட், பின்னாடி ஜிப். சாதாரண அன்ஜிப்பே திறந்துடும், தொடக்கத்துல உபரி பைட் இருக்குன்னு எச்சரிக்கை வரும், கண்டுக்காதீங்க.

விண்டோஸ் இன்ஸ்டாலரை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல டிஜிட்டல் கையெழுத்து பாருங்க. ஜிஓஜி பேர் இருக்கணும். ஆனா கையெழுத்து செட்டப் ஃபைலுக்குத்தான், பின்னுக்கு இல்லை. அதனால இறக்கின உடனே எல்லாத்துக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண், ஃபைல் கெட்டா மாறிடும்) எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல அதே ஃபோல்டர்ல வைங்க. விண்டோஸ்ல பவர்ஷெல்லோட கெட்-ஃபைல்ஹேஷ், லினக்ஸ்ல எஸ்ஹெச்ஏ256சம்.

#6 மின்மினி

நன்றி எல்லாருக்கும். ரெண்டு சந்தேகம். இன்ஸ்டால் ஆன ஃபோல்டரையே காப்பி பண்ணி வெச்சா போதாதா? அப்புறம் "நெட் இல்லாம ஓட்டிப் பாருங்க"ன்னா வைஃபையை அணைச்சா மட்டும் போதுமா?

#7 பழங்கணினி

ஃபோல்டர் காப்பி பல கேமுக்கு ஓடும், ஆனா நம்பாதீங்க. ரெண்டு காரணம். விஷுவல் சி++, டைரக்ட்எக்ஸ் மாதிரி துணை லைப்ரரிகள் விண்டோஸுக்குள்ள போய் உட்காரும், கேம் ஃபோல்டர்ல இருக்காது. புது பிசியில ஃபோல்டரை மட்டும் ஒட்டினா "டிஎல்எல் காணோம்"னு வரும். ஆஃப்லைன் இன்ஸ்டாலர் அதெல்லாம் கூடவே கட்டி வெச்சிருக்கும். இன்னொண்ணு, 2000ஆம் வருஷத்தை ஒட்டி வந்த பழைய கேம்கள், தாங்க எங்க இருக்கோம்னு விண்டோஸோட பதிவேடான ரெஜிஸ்ட்ரியில தேடும். இன்ஸ்டாலர் அந்தப் பதிவைப் போடும், காப்பி போடாது.

சோதனைக்கு வைஃபை அணைச்சா போதும், ஆனா வரிசை முக்கியம். முதல்ல நெட்டைத் துண்டிங்க. பிசியை ரீஸ்டார்ட் பண்ணுங்க, பின்னணியில கேலக்ஸியோ ஸ்டீமோ ஓடிக்கிட்டு இருந்தா அது சோதனையைக் கெடுத்துடும். அதுக்கப்புறம் இன்ஸ்டால் பண்ணி, கேமைத் திறந்து, புது ஆட்டம் தொடங்கி, ஒரு சேவ் போட்டு, வெளியே வந்து, அந்த சேவைத் திரும்ப லோடு பண்ணுங்க. மெனு வரைக்கும் பார்த்துட்டு விட்டுறாதீங்க. சில கேம் மெனு வரை நல்லா வரும், முதல் மிஷன்ல சர்வரைத் தேடும்.

உங்க விண்டோஸ் ப்ரோ பதிப்புன்னா விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இருக்கு. நெட்வொர்க்கை மூடின கான்ஃபிக் ஃபைலோட திறந்தா, சுத்தமான புது விண்டோஸ்ல இன்ஸ்டாலர் ஏறுதான்னு பார்க்கலாம். பழைய கேமுக்குத்தான் சரிப்படும், கிராஃபிக்ஸ் பலம் கேக்கிற கேம் அதுல நகராது.

ஜிஓஜியில வாங்கினதையும் சோதிக்கணுமான்னு கேப்பீங்க. கட்டாயம். 2021 செப்டம்பர்ல ஹிட்மேன் அங்க விற்பனைக்கு வந்துச்சு. ஆனா ஆயுதம் அன்லாக் ஆகிறது, எஸ்கலேஷன் மாதிரி பகுதிகளுக்கு சர்வர் இணைப்பு வேணும்னு இருந்துச்சு. வாங்கினவங்க கடுமையா எதிர்த்ததுல அடுத்த மாசமே எடுத்துட்டாங்க. அங்க சத்தம் போட்டவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். இன்னும் சில கேம்கள்ல மல்டிபிளேயருக்கு கேலக்ஸி வேணும், சில பரிசுப் பொருட்கள் கேலக்ஸி லாகின்ல மட்டும் வரும். தனி ஆட்டம் பாதிக்காதுன்னாலும், வாங்குறதுக்கு முன்னாடி கடைப் பக்கத்தையும் விமர்சனங்களையும் படிங்க.

#8 நீராவிக்குழாய்

ஸ்டீம் பகுதிக்கு நான் வர்றேன்.

ஸ்டீம்ல விக்கிற எல்லாத்துலயும் டிஆர்எம் இருக்குன்னு நினைக்கிறது தவறு. டிஆர்எம் போடறதும் விடறதும் கேம் தயாரிச்சவங்க முடிவு. மூணு அடுக்கா பாருங்க.

ஒண்ணு, ஸ்டீம்வொர்க்ஸ் ஏபிஐ. அச்சீவ்மெண்ட், நண்பர்கள் பட்டியலுக்கான டிஎல்எல் ஃபைல். இது மட்டும் இருந்தா பல கேம்கள் ஸ்டீம் இல்லேன்னாலும் ஓடும், அச்சீவ்மெண்ட் மட்டும் விழாது. ரெண்டு, ஸ்டீமோட சொந்த உறை. கேமைத் திறக்கிற எக்ஸ்இ ஃபைலையே சுத்தி வெச்சிருக்கும், ஸ்டீம் ஓடாம திறக்காது. மூணு, டெனுவோ மாதிரி வெளி பூட்டு.

சோதிக்கிற விதம்: கேமை இன்ஸ்டால் பண்ணுங்க, ஒரு தடவை ஸ்டீம் வழியா திறந்து மூடுங்க. ஸ்டீமை டாஸ்க்பார் மூலையில இருந்து முழுசா எக்ஸிட் கொடுங்க. ஸ்டீம்ஆப்ஸ் உள்ளே காமன் ஃபோல்டர்ல இருந்து கேம் ஃபோல்டரை வேற டிரைவுக்குக் காப்பி பண்ணுங்க. நெட்டை எடுத்துட்டு, காப்பியில இருக்கிற எக்ஸ்இயை நேரா ஓட்டுங்க. ஓடினா, ஃபோல்டரை ஜிப் பண்ணி வைக்கலாம். ஸ்டீமைத் திறக்கச் சொல்லுதுன்னா எக்ஸ்இ பக்கத்துல ஸ்டீம்_ஆப்ஐடிங்கிற பேர்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போட்டு, உள்ளே அந்த கேமோட ஆப் எண்ணை மட்டும் எழுதிப் பாருங்க. கடைப் பக்கத்தோட முகவரியில இருக்கிற எண்தான் அது. இது வால்வே டெவலப்பர்களுக்கு எழுதி வெச்சிருக்கிற முறை, "ஸ்டீம் வழியா திரும்பத் திற"ங்கிற கட்டளையைத் தாண்டிடும். உறை இருக்கிற கேமுக்கு இது வேலை செய்யாது. அத்தோட நிறுத்திடுங்க, உடைக்கிற வேலைக்குப் போகாதீங்க. அந்த கேம் ஜிஓஜியில தள்ளுபடிக்கு வரும்போது இன்னொரு தடவை வாங்கிக்கலாம்.

எது ஓடும்னு பிசிகேமிங்விக்கியில கேம்வாரியா குறிச்சிருக்காங்க, முதல்ல அங்க பார்த்துட்டு சோதிச்சா நேரம் மிச்சம்.

ஸ்டீமுக்குள்ளேயே "கேம் ஃபைல்களை பேக்கப் எடு"ன்னு ஒண்ணு இருக்கு. அதை நம்பி ஏமாறாதீங்க. அது டவுன்லோடு செலவை மிச்சப்படுத்துறதுக்கு. திரும்ப ஏத்த ஸ்டீமும் அக்கவுண்டும் வேணும்.

டெனுவோ உள்ள கேம்ல, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சர்வர்ல இருந்து ஒரு அனுமதிச் சீட்டு வாங்கும். வன்பொருள் மாறினா புதுசா கேக்கும். 2021 கடைசியில இன்டெல்லோட 12ஆம் தலைமுறை சிப் வந்தப்ப, அதுல இருக்கிற ரெண்டு விதமான கோர்களைப் பார்த்துட்டு "இது வேற கம்ப்யூட்டர்"னு முடிவு பண்ணி சில கேம்கள் நின்னுபோச்சு. விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டுற புரோட்டான் மென்பொருளோட பதிப்பை மாத்தி மாத்திச் சோதிச்சா அதையும் புதுப்புது கம்ப்யூட்டரா எண்ணி 24 மணி நேரம் பூட்டிடும். காசு கொடுத்தவங்களைச் சந்தேகிக்கிற அமைப்பு இது. ஆனா சில நிறுவனங்கள் கொஞ்ச காலம் கழிச்சு டெனுவோவை எடுத்துடறாங்க. பொறுத்திருந்து வாங்குறது நல்லது.

#9 மின்மினி

தெளிவா இருக்கு, நன்றிங்க. ஜிஓஜியில பணம் கட்டறது எப்படி? யூபிஐ வருமா?

#10 ஓரக்கண்

ஜிஓஜி இந்திய ரூபாயில விலை காட்டறதில்லை, டாலர்ல வரும். கார்டுல வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை அனுமதி இருக்கணும். ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டுல அது மூடியே வரும், வங்கி ஆப்ல போய் திறங்க. டாலர் விலைக்கு மேல வங்கி எடுக்கிற மார்க்கப் (கூடுதல் கட்டணம்) பல கார்டுல 2 முதல் 3.5 சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி. சின்னச் சின்னதா வாங்கினாலும் சேர்த்து வாங்கினாலும் சதவீதம் ஒண்ணுதான். ஸ்டீம் ரூபாய் விலையோட ஒப்பிட்டா பல சமயம் ஜிஓஜி கூடுதலா வரும், கோடைக்கால, டிசம்பர் தள்ளுபடி வரை காத்திருங்க. பிடிக்கலைன்னா 30 நாளுக்குள்ள பணம் திரும்பக் கேக்கலாம், இறக்கி ஆடிப் பார்த்திருந்தாலும். அந்தச் சலுகையைத் துஷ்பிரயோகம் பண்ணாதீங்க, நம்பிக்கையில நடக்கிற கடை அது.

இட்ச்.ஐஓவும் பாருங்க. தனி ஆளாவோ சின்னக் குழுவாவோ கேம் செய்யறவங்க நேரடியா விக்கிற இடம். பெரும்பாலும் ஜிப் ஃபைல், பிரிச்சா ஓடும். வாங்குறதுக்கு முன்னாடி பக்கத்துல டவுன்லோடு ஃபைல் இருக்கா, இல்லை ஸ்டீம் கீ (ஸ்டீம்ல போட்டு கேமை எடுக்கிற குறியீடு) மட்டும்தானான்னு பாருங்க. ஹம்பிள் பண்டில்லயும் இதே கவனம் வேணும், இப்ப அங்க பெரும்பகுதி ஸ்டீம் கீதான். லினக்ஸ்ல இட்ச் ஜிப்பைப் பிரிச்சதும் "ஓட்ட அனுமதி இல்லை"ன்னு வந்தா, எக்ஸிகியூட் பிட் (ஃபைலை ஓட்டலாம்ங்கிற குறி) தொலைஞ்சிருக்கும், அதைத் திரும்பப் போட்டா சரியாயிடும்.

சட்டத்தையும் சொல்லிடறேன், இங்க அடிக்கடி குழப்பம் வருது. இந்திய பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(ஏஏ): சட்டப்படி கையில வெச்சிருக்கிற கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு, தொலைஞ்சா, கெட்டுப்போனா உதவுறதுக்காக பேக்கப் எடுக்கலாம். பிரிவு 65ஏ, 2012 திருத்தத்துல வந்தது: உரிமையை மீறுற நோக்கத்தோட பாதுகாப்புப் பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரை சிறை, அபராதம். டிஆர்எம் இல்லாத ஃபைல்ல உடைக்கப் பூட்டே இல்லைங்கிறதால இந்தச் சிக்கலே வராது. உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்கள்ல எத்தனையில வேணும்னாலும் ஏத்திக்கலாம். டெலிகிராம் குரூப்ல ஏத்திவிடறது திருட்டு. பூட்டில்லாம விக்கிறவங்க தொடர்ந்து அப்படியே விக்கணும்னா நாமதான் அந்த நம்பிக்கையைக் காப்பாத்தணும்.

#11 வட்டுப்பெட்டி

பிசி கேம்னா பழைய சிடி, டிவிடி வாங்குறதுதான் உண்மையான சொந்தம்னு வேற இழையில ஒருத்தர் எழுதியிருந்தார். பாதிதான் உண்மை. சேஃப்டிஸ்க் பூட்டு போட்ட வட்டுகள், 2000களின் முதல் பாதியில வந்தது ஏராளம். அந்தப் பூட்டுக்கு விண்டோஸுக்குள்ள ஒரு டிரைவர் வேணும். பாதுகாப்பு ஓட்டை இருக்குன்னு விண்டோஸ் 10ல மைக்ரோசாஃப்ட் அதை விட்டுட்டாங்க. 2015 செப்டம்பர் அப்டேட்ல விண்டோஸ் 7, 8லயும் மூடிட்டாங்க. அசல் வட்டு, அசல் பெட்டி எல்லாம் இருந்தும் கேம் திறக்காது. அதே கேமோட ஜிஓஜி பதிப்பு பூட்டு நீக்கி வர்றதால ஓடும். 2015ல வந்த மெட்டல் கியர் சாலிட் 5 பிசி வட்டுல இருந்தது ஸ்டீம் இன்ஸ்டாலர் மட்டும், சில எம்பி. மீதி எல்லாம் டவுன்லோடு. அட்டைப்பெட்டியைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

கன்சோல்ல நிலைமை கலவை. நிண்டெண்டோவோட ஸ்விட்ச் 2ல "கேம்-கீ கார்டு"ன்னு ஒரு வகை. பெட்டியின் முன்பக்கம் கீழே சாவி படம் போட்ட பட்டை இருக்கும். கார்டுல கேம் இல்லை, டவுன்லோடு பண்ண அனுமதி மட்டும். ஆடும்போது கார்டும் செருகியிருக்கணும், முதல் தடவை நிண்டெண்டோ சர்வரும் வேணும். சர்வர் நின்ன பிறகு வாங்கினவங்க கையில ஒண்ணும் இருக்காது. நிண்டெண்டோவோட பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூவோட ஆன்லைன் கடைகள் 2023 மார்ச் 27ல மூடினதை மறக்காதீங்க. அதே ஸ்விட்ச் 2ல சைபர்பங்க் 64 ஜிபி கார்டுல முழு கேமா வந்துச்சு. அப்ப செலவு பண்ணா முடியும்னுதானே அர்த்தம்? அந்த மாதிரி பதிப்பு வந்தா அதை வாங்கி ஆதரிக்கணும்.

பிஎஸ்4, பிஎஸ்5 வட்டுகள்ல பெரும்பாலானது முழு கேமோட வருது. சோதிக்கிறதுக்கு: கன்சோலை நெட்ல இருந்து எடுங்க, அந்த கேமோட பழைய டேட்டாவை அழிங்க, வட்டுல இருந்து இன்ஸ்டால் பண்ணி, பேட்ச் இல்லாம ஆடுங்க. டஸ்இட்ப்ளேங்கிற குழு இதையே வரிசையா சோதிச்சுப் பட்டியல் போடறாங்க, வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க. கழட்டி மாட்டுற டிரைவ் உள்ள பிஎஸ்5 வாங்கினா, டிரைவை முதல்ல இணைக்கிறப்ப ஒரு தடவை நெட் கட்டாயம். பெட்டியில வெச்சு "பின்னாடி பார்த்துக்கலாம்"னு விடாம இப்பவே இணைச்சிடுங்க. பிஎஸ்4ல உள்ளே இருக்கிற கடிகார பேட்டரி செத்து, சோனியோட ஆன்லைன் சேவையான பிஎஸ்என்னும் இல்லேன்னா வட்டு கேமே ஓடாதுங்கிற பிரச்சினை இருந்துச்சு. 2021ல வந்த 9.00 ஃபர்ம்வேர்ல (கன்சோலோட உள் மென்பொருள்) அது தீர்ந்தது. பழைய ஃபர்ம்வேர்ல வெச்சிருக்கிறவங்க கவனிங்க.

#12 கட்டளைவரி

சேமிப்பு.

2 டிபி டிஸ்க் ஒண்ணு போதாது. ரெண்டு வேணும், ஒரே கம்பெனி ஒரே மாடல் வேண்டாம். முடிஞ்சா ஒண்ணு வேற வீட்டுல.

டிஸ்கை ஃபார்மேட் பண்ண, விண்டோஸ் மட்டும்னா என்டிஎஃப்எஸ். எக்ஸ்ஃபேட்ல ஜர்னல் (எழுதுறதைக் குறிச்சு வைக்கிற பதிவு) கிடையாது, காப்பி ஓடும்போது கேபிள் பிடுங்கினா ஃபோல்டர் பட்டியலே சிதையலாம். பின் ஃபைல்கள் 4 ஜிபிக்குள்ள இருக்கிறதால ஃபேட்32லயும் ஏறும்னாலும் அதை இதுக்குப் பயன்படுத்தாதீங்க.

எஸ்எஸ்டி, பென்டிரைவ் வருஷக்கணக்குல அலமாரியில வைக்க வேண்டாம். மின்சாரம் இல்லாம கிடந்தா மின்னூட்டம் மெதுவா கசியும். சுழலும் ஹார்டு டிஸ்க்தான் இதுக்கு நல்லது. வருஷம் ஒரு தடவை இணைச்சு ஹேஷ் பட்டியலை ஓட்டிப் பாருங்க. கடலோர ஊர்கள்ல காத்துப்புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல்.

முக்கியமான கேமுக்கு ப்ளூரே. 25 ஜிபி வட்டுல விண்டோஸ் கணக்குப்படி கிடைக்கிறது சுமார் 23.3 ஜிபி. 4 ஜிபி பின் அஞ்சு வைங்க, 20 ஆச்சு. அதுக்கு பார்2ங்கிற மீட்புக் கருவியில 10 சதவீத மீட்பு ஃபைல் போட்டா இன்னொரு 2 ஜிபி. வட்டுல கீறலோ கறையோ பட்டு சில பகுதி படிக்க முடியலேன்னாலும் அந்த 10 சதவீதம் வரை மீட்டுடலாம். எல்டிஹெச்னு எழுதின வட்டு வாங்காதீங்க, அதுல இருக்கிறது கரிமச் சாயம், சீக்கிரம் மங்கும்.

#13 பழங்கணினி

பழைய பதிப்பையும் தூக்கிப் போடாதீங்க. அப்டேட்னா எப்பவும் நல்லதுதான்னு இல்லை. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்ல 2014லயும், ஜிடிஏ 4ல 2018லயும் இசை உரிமம் முடிஞ்சதால அப்டேட் வழியா பாட்டுகளை எடுத்தாங்க. ஏற்கெனவே வாங்கினவங்க காப்பியிலயும் போச்சு. ஆஃப்லைன் இன்ஸ்டாலர் கையில இருந்தா யாரும் உள்ளே வந்து எடுக்க முடியாது. ஃபோல்டர் பேர்ல பில்டு எண் போட்டு, பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு வைங்க. ஜிஓஜி தளத்துல புது இன்ஸ்டாலர் வந்தா பழையது மறைஞ்சிடும்.

டேட்டா ஃபைல் கையில இருக்கிறதோட இன்னொரு பலனையும் சொல்லணும், எனக்கு இதுல ரொம்ப ஆர்வம். டயாப்ளோ 1 ஜிஓஜி காப்பியில டயப்டாட்னு ஒரு எம்பிக்யூ (கேமோட டேட்டா) ஃபைல், சுமார் 500 எம்பி. அதை மட்டும் எடுத்து, ரசிகர்கள் எழுதின இலவச இன்ஜினான டெவில்யூஷன்எக்ஸோட ஃபோல்டர்ல போட்டா லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாத்துலயும் ஓடும். இதே மாதிரி இன்ஜின், மாரோவிண்ட் வெச்சிருந்தா ஓப்பன்எம்டபிள்யூ. ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3க்கு விசிஎம்ஐ. ஆண்ட்ராய்டு போன்ல விசிஎம்ஐ லாஞ்சர்கிட்ட ஜிஓஜி செட்டப்பையும் பின்னையும் காட்டினா தானே பிரிச்சு எடுத்துக்கும். இங்க ஒரு எச்சரிக்கை: ஜிஓஜியோட கம்ப்ளீட் பதிப்பு வாங்குங்க. 2015ல ஸ்டீம்ல வந்த ஹெச்டி எடிஷன்ல விரிவாக்கப் பகுதிகள் ரெண்டும் இல்லை, அவற்றோட மூலநிரல் தொலைஞ்சு போனதால சேர்க்க முடியலை. மூலநிரல் தொலைச்சது தயாரிச்ச நிறுவனப் பக்கமே. வாங்கினவங்க வீட்டு டிஸ்குல இருந்த காப்பிகள்தான் அந்த விரிவாக்கங்களை இன்னைக்கும் ஓட வைக்குது.

#14 மின்மினி

இன்னைக்கே தொடங்கறேன். கடைசியா ஒண்ணு: சேவ் ஃபைல்? கிளவுட்ல இருக்கும்னு விட்டுடலாமா?

#15 நீராவிக்குழாய்

வேண்டாம். ஜிஓஜி 2024ல இருந்து ஒரு கேமுக்கு 200 எம்பின்னு வரம்பு வெச்சிருக்காங்க. அதுவும் கேலக்ஸி வழியா ஆடினாத்தான் ஏறும், ஆஃப்லைன் இன்ஸ்டாலர்ல ஆடினா கிளவுடுக்கே போகாது.

சேவ் எங்க இருக்கும்னு ஒரு விதி கிடையாது. டாக்குமெண்ட்ஸ்ல மை கேம்ஸ், சேவ்ட் கேம்ஸ், ஆப்டேட்டாவுக்குள்ள ரோமிங், லோக்கல், லோக்கல்லோ. யூனிட்டியில செஞ்ச கேம்கள் பெரும்பாலும் லோக்கல்லோவுல. பழையது கேம் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கும், அன்இன்ஸ்டால் பண்ணா சேர்ந்து போயிடும். கையில தேடாம லூடுசாவி போடுங்க, இலவசம். பிசிகேமிங்விக்கி பட்டியலை வெச்சு உங்க பிசியில இருக்கிற சேவ் எல்லாத்தையும் கண்டுபிடிச்சு ஒரே ஃபோல்டருக்கு எடுத்துடும். அந்த ஃபோல்டரை இன்ஸ்டாலர் இருக்கிற டிஸ்குலயே வைங்க.

உங்களது விண்டோஸ் 11ங்கிறதால இதையும் பாருங்க: ஒன்டிரைவ் பேக்கப் ஆன்ல இருந்தா டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள்ள நகர்ந்திருக்கும். சில பழைய கேம் பழைய இடத்துலயே தேடி "சேவ் இல்லை"ன்னு காட்டும். ஒன்டிரைவ் செட்டிங்ஸ்ல டாக்குமெண்ட்ஸ் பேக்கப்பை நிறுத்திட்டு, ஃபைல்களைப் பழைய இடத்துக்கு நகர்த்தின பிறகு லூடுசாவியை ஓட்டுங்க.